கடை அடைத்தபின் ஓர் அரைமணி



நமது தொழிலின் குறைகளை இந்த இதழில் தொடர்ந்து எழுதி வருகிறோம். வரி, உரிமம், லாரி வாடகை, சுமைக்கூலி, பெரிய நிறுவனங்களின் போட்டி என்று அவற்றுக்குப் பஞ்சமில்லை. யாரிடமும் மனுக் கொடுத்துப் பெற முடியாத ஒன்றைப் பற்றி இம்முறை எழுத நினைத்தோம். அதுதான் தனிமை.

வணிகனுக்கும் தனிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தமே இல்லாமற் போய்விட்டது என்பதுதான் நம் கவலை. காலையில் லாரி வந்து நின்றதும் பேச்சு ஆரம்பிக்கிறது. சுமை தூக்குவோர், தரகர், சில்லறைக் கடைக்காரர், வசூலுக்கு வருபவர், நன்கொடை கேட்பவர் என்று இரவு வரை ஆள் மாற்றி ஆள். ஷட்டரை இறக்கி வீட்டுக்குப் போனால் கைபேசி நம்மோடு சாப்பிட உட்காருகிறது. மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைக்கிறோம். அன்றைக்கும் வேன் பிடித்து மாநாட்டுக்குக் கூட்டமாகத்தான் போகிறோம்! நாம் நம்மோடு இருக்கும் நேரம் குளிக்கும் நேரம் ஒன்றுதான்.

முன்பு இப்படி இல்லை. மதுரை கீழமாசி வீதியில் நாம் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரத்துக்கு வந்து 40 ஆண்டுகள் ஆகின்றன. அந்நாளில் இரவு கடை அடைத்து, ஆட்களை அனுப்பிவிட்டு, முதலாளி தனியே உட்கார்ந்து அன்றைய சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பதிவார். அரைமணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். வீட்டில் கேட்டால், "கணக்கு முடிக்கிறார்" என்பார்கள். பெயர்தான் கணக்கு. ஒவ்வொரு பெயராகக் கையால் எழுதும்போது அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வரும். இவருக்கு இன்னும் கடன் கொடுக்கலாமா, அவரிடம் இன்று ஏன் அப்படிப் பேசினோம், அந்தச் சரக்கை ஏன் வாங்கினோம் என்று மனம் தானே விசாரணை நடத்தும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கைபேசியிலேயே பணம் வரவாகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பற்று வரவு முழுவதும் வந்து விழுகிறது. இந்த வசதியை நாம் குறை கூறவில்லை. நாமும் அதில்தான் கணக்கு வைக்கிறோம். ஆனால் கணக்கு எழுதும் வேலை போனபோது, அதற்குள் இருந்த தனிமையும் சேர்ந்து போய்விட்டதே! அதை நாம் கவனிக்கவில்லை.

அது இல்லாமையால் நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். 2010-ஆம் ஆண்டு மஞ்சள் விலை ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். அந்தச் சமயம் ஒரு திருமண வரவேற்பில் ஏழெட்டு வியாபாரிகள் கூடி நின்று, "இது 25,000-ஐத் தொடாமல் நிற்காது" என்று பேசினார்கள். நாமும் தலையாட்டினோம். மறுநாள் காலை, இருந்த முதலில் பாதியை மஞ்சளில் போட்டோம். எல்லா விவசாயியும் மஞ்சளே நடுவானே, அடுத்த வெள்ளாமை வந்தால் விலை என்னவாகும் என்று ஓர் இரவு தனியே உட்கார்ந்து யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். யோசிக்கவில்லை. 2012-இல் விலை 5,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கு விற்றுத் தலை முழுகினோம். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. கூட்டத்தில் நிற்பவனுக்குத் தான் பதறுவதே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களும் அதே பதற்றத்தில் இருப்பதால், அது தைரியம் போலத் தோன்றும்.

பண நஷ்டம் போகட்டும், சம்பாதித்துக் கொண்டோம். வேறொரு நஷ்டம் இருந்தது. அது தெரிய எட்டு ஆண்டுகள் ஆயின.

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, மளிகைக் கடைகளைப் பிற்பகல் 1 மணிக்கே அடைக்க வேண்டியிருந்தது. நமது வீடும் கிட்டங்கியும் ஒரே வாசலில் இருப்பதால், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிட்டங்கியில் போய்த் தனியே உட்கார்ந்தோம். முதல் நான்கு நாட்கள் இருப்புக் கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் பொழுது போகாமல் பழைய பேரேடுகளைத் தூசி தட்டினோம். அதில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் பக்கம் வந்தது. 22 ஆண்டுகள் நம்மிடம் சரக்கு எடுத்தவர். 2012-இல் கணக்கு பைசா பாக்கியில்லாமல் தீர்ந்திருந்தது. அதன்பிறகு ஒரு வரவும் இல்லை.

"வேறு யாரோ கிலோவுக்கு ஐம்பது காசு குறைத்துக் கொடுத்திருப்பார்கள், போய்விட்டார்" என்றுதான் அத்தனை காலமும் பிறரிடம் சொல்லி வந்தோம். நாமும் அதையே நம்பினோம். அன்றைக்குக் கிட்டங்கியில் பதில் சொல்ல வேறு ஆள் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க உண்மை மேலே வந்தது. மஞ்சள் நஷ்டத்தில் கொதித்துக்கொண்டிருந்த நேரம், நாலு வாடிக்கையாளர் முன்னிலையில் அவரை நிறுத்தி வைத்து, 38,000 ரூபாய் பாக்கிக்காகக் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டோம். ஒன்பதே நாளில் முழுவதையும் கொண்டுவந்து எண்ணி வைத்துவிட்டுப் போனார். எதை விற்று அடைத்தாரோ! நமது மஞ்சள் நஷ்டத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

ஊரடங்கு தளர்ந்த பிறகு அவர் கடைக்குப் போனோம். எழுந்து நாற்காலி போட்டார். "என்ன அண்ணாச்சி, பழைய பாக்கி ஏதும் இல்லையே?" என்றுதான் முதலில் கேட்டார். "பாக்கி உம்முடையது இல்லை, நம்முடையது" என்றோம். டீ வாங்கிக் கொடுத்தார். அதிகம் பேசவில்லை. வியாபாரமும் திரும்பவில்லை, அதற்காக நாம் போகவும் இல்லை. ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினோம். அந்தக் கிட்டங்கி மதியங்கள் இல்லையென்றால், இந்தப் பொய்யைக் கடைசி வரை சுமந்தே போயிருப்போம்.

தனிமையால் நாம் கண்ட பயன் இதுதான். மற்றவர்களுக்குச் சொன்ன சமாதானம் அங்கே செல்லுபடியாகாது. வாங்கவும் விற்கவும் ஆளில்லாத இடத்தில் மனம் தராசை நேராகப் பிடிக்கிறது. கோபம் ஆறுகிறது. எது அவசரம், எது அவசரம்போல் சத்தம் போடுகிறது என்பது பிரிந்து தெரிகிறது.

ஆனால் இது சுலபம் என்று சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்து வியந்தோம். 15 நிமிடம் ஒன்றும் செய்யாமல் தனியே ஓர் அறையில் உட்காரச் சொன்னார்கள். விருப்பப்பட்டால் ஒரு பொத்தானை அழுத்தி லேசான மின் அதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம். சும்மா இருக்க முடியாமல் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அதிர்ச்சி வாங்கிக் கொண்டார்களாம்! கல்லாவில் ஆளில்லாத இரண்டு நிமிடத்தில் நாம் கைபேசியை எடுப்பதும் ஏறக்குறைய இந்த ரகம்தான்.

"நமக்கேது நேரம்?" என்பவர்கள் காந்தியடிகளை நினைத்துப் பார்க்கட்டும். அவரைவிடக் கூட்டத்தின் நடுவே வாழ்ந்தவர் யார்? அவர் திங்கட்கிழமைதோறும் மௌன விரதம் காத்தார். 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. நாட்டுப் பிரிவினைத் திட்டம் பற்றி மவுண்ட்பேட்டன் பிரபு அவரிடம் பேசிய நாள். அன்றும் விரதத்தை விடாமல், பழைய தபால் உறைகளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். அதைவிட அவசரமான வேலை நமது கடையில் நடந்துவிடப் போகிறதா?

நமது முன்னோர்களும் தனிமையின் அருமையை அறிந்தவர்களே. மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக் குகைகளில் சமண முனிவர் தங்கக் கற்படுக்கைகள் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டு ஒன்று, அங்கே கொடையளித்தவர்கள் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார் என்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. இன்றைய பேச்சில் வணிகர் சங்கம். அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் வருகிறார்கள். தனித்திருந்து சிந்திப்பவர்களுக்கு அன்றைய வணிகர்கள் இடம் அமைத்துக் கொடுத்தார்கள். இன்றைய வணிகன் தனக்கென்று ஒரு மூலையையாவது ஒதுக்கக் கூடாதா?

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தனித்திருப்பது வேறு, தனித்து விடப்படுவது வேறு. கடன் நெருக்கடியிலோ துக்கத்திலோ மனம் உடைந்திருப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக் கூடாது. அவர் வீட்டாரிடமும் நண்பரிடமும் வாய் திறந்து பேச வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு நாமாகப் போக வேண்டியது சக வியாபாரிகளின் கடமை. நாம் சொல்லும் தனிமை, போன சுவடு தெரியாமல் திரும்பி வந்து எல்லோரிடமும் சேர்ந்துகொள்ளும் தனிமை.

செலவில்லாத வழிகளே போதும். கடை திறக்குமுன் அரைமணி, அல்லது அடைத்தபின் அரைமணி. கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். செய்தித்தாளும் வேண்டாம். கோயில் வெளிப்பிராகாரம், மொட்டை மாடி, கிட்டங்கி மூட்டையின் மேல், எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். கடையை யார் பார்ப்பது என்கிறீர்களா? அந்த அரைமணி பிள்ளையிடம் கல்லாவை விடுங்கள். அவருக்கும் பொறுப்பு வரும். நம்மைவிட ஓய்வில்லாமல் உழைக்கும் வீட்டுப் பெண்களுக்கும் இந்த அரைமணி கிடைக்க நாம் வழிசெய்ய வேண்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நமது வாட்ஸ்அப் குழுவில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை விலை நிலவரமோ வேறு செய்தியோ பதிவிடுவதில்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வரலாம். உறுப்பினர்களும் அந்த நேரத்தில் ஒருவரையொருவர் வியாபார விஷயமாக அழைக்காமல் இருக்கலாம். விலை எங்கும் ஓடிவிடாது. காலையில் அதே இடத்தில்தான் இருக்கும்.

கடையின் கணக்கை இனிக் கம்ப்யூட்டர் முடிக்கட்டும். நமது கணக்கை நாம்தான் உட்கார்ந்து முடிக்க வேண்டும்.