இல்லத்தின் பொறுப்பு

2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் பயிலும் பொருட்டு நம் பிள்ளைகளின் கரங்களில் நாமே ஒப்படைத்த கைப்பேசி, பள்ளிகள் திறந்த பின்னரும் பல இல்லங்களில் அவர்களை விட்டு அகலவில்லை. கல்வி வந்த அதே வழியில் ஆபாசமும் வன்முறையும் சூதாட்ட விளம்பரங்களும் படுக்கையறை வரை பிரவேசிக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் அவசியம் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்திருப்பது வரவேற்கத்தக்கதே; ஆயினும், தாயின் கணக்கிலேயே திறந்து கிடக்கும் கைப்பேசியில் சிறுவன் எதைப் பார்க்கிறான் என்பதைச் சட்டம் அறியாது.

கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற கட்டுப்பாட்டுச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை அமைத்துக்கொள்வதும், இரவில் கைப்பேசியைக் கூடத்திலேயே வைத்துவிடுவதும் இன்றே செய்யத்தக்கவை. எனினும், இவை யாவற்றினும் பிரதானமானது, தகாத காட்சியொன்றைத் தற்செயலாகக் கண்டு மனம் கலங்கிய குழந்தை, அடி விழுமோ, கைப்பேசி பறிபோகுமோ என்ற அச்சமின்றி அதனைத் தாயிடமோ தந்தையிடமோ வந்து சொல்லக்கூடிய சூழ்நிலையை இல்லத்தில் உண்டாக்குவதே என்பது நமது திடமான அபிப்பிராயம். ஏனெனில், வீட்டாருக்கு அஞ்சி மௌனம் சாதிக்கும் குழந்தையையே கயவர்கள் எளிதில் மிரட்டிப் பணியவைக்கின்றனர். அவ்வாறு ஏதேனும் நேர்ந்துவிட்டால், மானத்துக்கு அஞ்சி மறைக்காமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெற்றோர் உடனே அழைக்குமாறு வேண்டுகிறோம்.