ஹூட் இல்லாத லென்ஸும் கற்பனையான கடந்த காலமும்

பழைய லென்ஸுகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, ஓர் அடாப்டர் வளையத்தின் துணையோடு டிஜிட்டல் கேமராவில் பொருத்திப் படமெடுக்கும் பழக்கம் சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. நல்ல பழக்கம். ஃபோகஸையும் அபெர்ச்சரையும் கையால் திருப்பிப் பழகுகிறவர்கள் நிதானமாகப் பார்க்கவும் பழகுகிறார்கள். ஆனால் அப்படி எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன. சாயும் வெயில், அதற்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு முகம், படம் முழுவதும் பால் தெளித்தாற்போல ஒரு வெளிறல், குறுக்கே மிதக்கும் வண்ண வட்டங்கள். இதைப் ‘பழைய லென்ஸின் குணம்’ என்கிறார்கள். ஒரு ஹூட் மாட்டிக்கொள்ளக்கூடாதா என்று கேட்டால், மாட்டினால் குணம் போய்விடும் என்று பதில் வருகிறது. இந்தப் பதிலில் கடந்த காலத்தைப் பற்றிய பிழையான எண்ணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஹூட் மாட்டுவது பழைய லென்ஸின்மீது புதுமையை ஏற்றுவதன்று. அதன் உடைமைகளில் தொலைந்துபோன ஒன்றைத் திருப்பித் தருவது.

லென்ஸை வில்லை என்றும் ஹூட்டை ஒளிமறைப்பு என்றும் எழுதியிருக்கலாம். தமிழ் கற்பிக்கிறவன் அப்படித்தான் எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கும் நண்பர்களும் உண்டு. ஆனால் கேமராக் கடையில் போய் ஒளிமறைப்பு கேட்டால் கடைக்காரர் பக்கத்திலுள்ள கண் மருத்துவமனைக்கு வழி சொல்லக்கூடும். எனவே ஹூட் ஹூட்டாகவே இருக்கட்டும். அறியாதவர்களுக்காக ஒரு வரி: லென்ஸின் முன்விளிம்பில் பொருத்தப்படும், உட்புறம் கறுப்படிக்கப்பட்ட, குட்டையான குழல் அது. படத்தின் எல்லைக்கு வெளியேயிருந்து வரும் ஒளி கண்ணாடியில் விழாமல் தடுப்பது அதன் ஒரே வேலை.

அந்த வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதற்குச் சிறிது கணக்கு உண்டு. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், பூச்சு எதுவும் இல்லாவிட்டால், விழுகிற ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடு திரும்பிவிடுகிறது. கேட்பதற்குச் சில்லறைதான். ஆனால் ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக அமைந்த லென்ஸில் இத்தகைய பரப்புகள் எட்டு. எட்டையும் கடந்து மறுபுறம் நேராகச் சேர்வது சுமார் 72 விழுக்காடு. மீதி முழுவதும் வந்த வழியே வெளியேறிவிட்டால் படம் சற்று இருண்டதோடு போயிற்று. அப்படி வெளியேறுவதில்லை. ஒரு பரப்பில் திரும்பிய ஒளியில் ஒரு பகுதி மற்றொரு பரப்பில் மோதி, மீண்டும் முன்னோக்கிப் பாய்ந்து, சேரக்கூடாத இடத்தில் போய்ச் சேர்கிறது. கறுப்பாக இருக்கவேண்டிய நிழல் சாம்பலாகிறது.

லென்ஸ் செய்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பால் ருடால்ஃப் 1896-இல் செய்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த பிளானார் அற்புதமான லென்ஸ். ஆயினும் எட்டுப் பரப்புகளின் எதிரொளிப்பால் தன் காலத்தில் அது உரிய புகழைப் பெறவில்லை. ஆறே பரப்புகள் கொண்ட டெஸ்ஸாரை அவரே 1902-இல் வடிவமைத்தார். அதுதான் ஊரெல்லாம் பரவியது. லுட்விக் பெர்டெலே 1930-களின் தொடக்கத்தில் சோன்னாரை வடிவமைத்தபோது, ஆறு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டிக் காற்றுப்படும் பரப்புகளை ஆறுக்குள் அடக்கினார். இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் 1890-களில் கண்டது இன்னும் சுவையானது. காலப்போக்கில் மங்கி நிறம்மாறிய சில லென்ஸுகள், புதிய பளபளப்பான லென்ஸுகளைவிட அதிக ஒளியை உள்ளே விட்டன! மேற்பரப்பில் படிந்த மெல்லிய படலமே எதிரொளிப்பைக் குறைத்தது. அந்த முதுமையைச் செயற்கையாக வரவழைக்கும் வேதிமுறைக்கு அவர் 1904-இல் காப்புரிமை பெற்றார். பிறகு 1935-இல் செய்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா, வெற்றிடத்தில் படியவைக்கும் பூச்சைக் கொண்டுவந்தார். செய்ஸ் லென்ஸுகளின் முகப்பில் காணப்படும் சிவப்பு ‘டி’ எழுத்து அந்தப் பூச்சின் அடையாளம்.

நாற்பது ஆண்டுகள் இத்தனை பேர் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ, அதையே அவர்கள் செய்த பொருளின் குணம் என்று கொண்டாடுவது எந்த வகை மரியாதை என்று எனக்கு விளங்கவில்லை.

பூச்சு வருவதற்கு முன்பும், வந்த பிறகும் அவர்கள் கையில் இருந்த எளிய கருவி ஹூட்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பித்தளைக்குழல் லென்ஸுகள் பலவற்றின் முகப்பில் பித்தளை ஹூட் ஒன்று சேர்ந்தே வந்தது. லைட்ஸ் நிறுவனம் தன் 5 சென்டிமீட்டர் எல்மார் லென்ஸுக்கு ‘ஃபிசோன்’ என்ற பெயரில் தனி ஹூட் செய்து விற்றது; 36 மில்லிமீட்டர் விளிம்பின்மேல் செருகி ஒரு சிறு திருகாணியால் இறுக்கவேண்டியது. ரோலைஃப்ளெக்ஸ் கேமராக்களுக்கு லென்ஸின் அளவுக்கேற்ப ‘பே 1’, ‘பே 2’, ‘பே 3’ என்று பயனெட் ஹூட்கள் இருந்தன. நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் புழங்கிய யாஷிகா மேட் 124ஜி ஏற்பதும் அந்த ‘பே 1’ அளவுதான். இவையெல்லாம் கழற்றி மாட்டும் பொருள்கள். கழற்றி வைத்தவை தொலைந்தன. நசுங்கியவை தூக்கி எறியப்பட்டன. வாரிசுகள் கேமராவை விற்கும்போது, எதற்கென்று தெரியாத ஒரு கறுப்பு வளையம் பழைய இரும்புச் சாமான்களோடு போயிற்று. ஆகவே இன்று பழைய லென்ஸ் நம் கைக்கு மொட்டையாக வந்து சேர்கிறது. அந்த மொட்டை நிலையைத்தான் அதன் இயல்பு என்று எண்ணிக்கொள்கிறோம்.

சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதாலோ, கைவேகத்தாலோ, ஏடெழுதினோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் சுவடியில் தெரியாது. சுவடியை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள் புள்ளியை மீண்டும் இட்டார்கள். அதனால் பாட்டின் பழமை கெட்டுவிட்டது என்று யாரேனும் சொல்வார்களா? புலவன் பாடியபோது அது மெய்யாகத்தான் ஒலித்தது. புள்ளி இல்லாமை சுவடிக்கு நேர்ந்த கதி. பாட்டின் பண்பு அன்று.

இதில் ரசனையைத் தாண்டிய ஒரு சங்கதியும் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் சிலவற்றைப் பார்க்க மாணவர்களோடு சென்றிருந்தேன். பல்லவர் காலத்து வட்டெழுத்துகள். வெயிலும் மழையும் தின்றதுபோக எஞ்சியவை. இத்தகைய எழுத்துகளை நேர்வெயிலில் வாசிக்க இயலாது. கதிரவன் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் காலை வேளையில்தான், பள்ளங்களில் மெல்லிய நிழல் விழுந்து எழுத்து எழும். அந்த நிழல்தான் எழுத்து. மாணவர் ஒருவர் ஹீலியோஸ் 44-2 கொண்டுவந்திருந்தார். சோவியத் நாவல்களை மலிவு விலையில் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறைக்கு, அதே நாட்டிலிருந்து வந்த இந்த 58 மில்லிமீட்டர் லென்ஸின்மேல் காரணமற்ற ஒரு பாசம் உண்டு, எனக்கும் உண்டு. கல்லை உரசும் அதே வெயில் லென்ஸின் முகத்தையும் உரசியது. படத்தில் கல் இருந்தது, வீரன் இருந்தான், எழுத்து இல்லை. சாம்பல்நிற மூட்டம் மட்டும். “ஐயா, இந்த லென்ஸோட லுக்கே இதுதான்” என்றார் மாணவர். பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவி தன் உள்ளங்கையை லென்ஸின் இடப்புறம் குடைபோலப் பிடித்தார். அடுத்த படத்தில் இரண்டு வரிகள் வாசிக்கும் நிலையில் இருந்தன. லென்ஸ் மாறவில்லை. அதற்கு நிழல் கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்த மூட்டம் முழுவதும் பழைய லென்ஸின் பொறுப்பா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. ஃபிலிமின் மேற்பரப்பைவிட டிஜிட்டல் சென்சாரும் அதன்மேலுள்ள கண்ணாடியும் கூடுதலாகப் பளபளப்பவை. விழும் ஒளியில் ஒரு பகுதியை லென்ஸின் பின்புறத்துக்கே திருப்பி அனுப்புபவை. மலிவான அடாப்டர்கள் சிலவற்றின் உட்சுவர் கறுப்பாகத் தெரிந்தாலும் சாய்த்துப் பார்த்தால் மின்னும். பாதுகாப்புக்கென்று முன்னால் திருகும் யூவி ஃபில்டர் மேலும் இரண்டு பரப்புகளைச் சேர்க்கிறது. ஆக, 1970-களின் மணம் என்று நாம் முகர்ந்து மகிழ்வதில் ஒரு பங்கு, சென்ற ஆண்டு வாங்கிய கேமராவினுடையதாக இருக்கலாம்.

வெளிறலும் ஒளிச்சிதறலும் கலையாகாதா என்று கேட்பார்கள். ஆகும். குரோசாவாவின் ராஷோமோனில் (1950) காஸுவோ மியாகாவா கேமராவை இலைகளினூடே நேரே சூரியனை நோக்கித் திருப்பினார். சூரியன் சட்டகத்துக்குள்ளேயே இருக்கும்போது எந்த ஹூட்டும் குறுக்கே வராது. அது பார்த்துத் தேர்ந்த ஒளி. ‘சேவிங் பிரைவேட் ரையன்’ (1998) படத்துக்காக யானுஷ் காமின்ஸ்கி லென்ஸுகளின் பூச்சையே நீக்கச் செய்தார். அதுவும் தேர்வுதான். ஆனால் அத்தகைய படங்களைப் பார்த்துப் பழகிய கண், போர்க்காலமே வெளிறித்தான் இருந்தது என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. நம் தாத்தா பாட்டிகள் வாழ்ந்த காலை எவ்விதத்திலும் மங்கலானதன்று. பழைய ஸ்டூடியோ படங்களை எடுத்துப் பாருங்கள். காதிலுள்ள தோட்டின் கல்லும், புடவைக் கரையின் இழையும் எண்ணிவிடலாம்போல இருக்கும். அவற்றை எடுத்தவர்கள் ஒளியை அடக்கி ஆளத் தெரிந்தவர்கள்.

இனி மாட்டும் விஷயம். இங்கே எதிர்த்திசையில் ஒரு கூட்டம் நிற்கிறது: அந்த லென்ஸுக்கென்று அதே நிறுவனம் அதே காலத்தில் செய்த ஹூட்தான் வேண்டும் என்பவர்கள். அசல் ஹூட்கள் சிலவற்றுக்கு ஒரு நல்ல லென்ஸின் விலையே கேட்கிறார்கள். கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் ஹூட்டைச் சேகரிப்புப் பொருளாக்கிக் கண்ணாடிப் பேழையில் வைப்பதற்கும், ஹூட்டே வேண்டாம் என்பதற்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. இரண்டிலும் லென்ஸ் வெயிலில்தான் நிற்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் ஹூட் போதும். முப்பரிமாண அச்சில் செய்துகொண்டாலும் குற்றமில்லை.

முதலில் விளிம்பின் அளவு தெரியவேண்டும். ஹீலியோஸ் 44-2 என்றால் 49 மில்லிமீட்டர் மரை. சோன்னாரின் வழிவந்த ஜூபிட்டர்-8 என்றால் 40.5. எல்மார் போன்றவற்றுக்கு வெளியே செருகும் வகை. பழைய அலுமினிய மரை மென்மையானது; ஏறவில்லையென்றால் வலிந்து திருகாமல், பின்னோக்கி ஒரு சுற்று சுற்றி, மரை பொருந்தும் இடத்தை விரலால் உணர்ந்து திருகவேண்டும். சில லென்ஸுகளில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுழலும். அவற்றுக்கு வட்ட ஹூட் தவிர வேறெதுவும் ஆகாது. செவ்வக ஹூட் மாட்டினால் அதன் மூலை படத்துக்குள் வந்துவிடும்.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் முழுச்சட்டகத்தில் 58 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 41 பாகை பார்க்கிறது. அப்படியானால் ஹூட் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளும்போதும் அதன் வாய் சுமார் ஏழரை மில்லிமீட்டர் அகலவேண்டும். 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இதே அளவு பன்னிரண்டைத் தாண்டும். 135-க்கு மூன்றே சொச்சம். 135-க்குச் செய்த நீண்ட குழலை 58-இல் மாட்டி, மூலைகள் இருண்டதும் ஹூட்டே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களை அறிவேன். வாய் குறுகலாக இருந்தால் 49-இலிருந்து 55-க்குக் கொண்டுசெல்லும் ஸ்டெப்-அப் வளையத்தை இடையிலிட்டு 55 ஹூட்டை மாட்டலாம். சென்சார் சிறியதாக இருந்தால் லென்ஸ் பார்க்கும் கோணமும் குறுகும். அதற்கேற்ப இன்னும் ஆழமான ஹூட்டைத் துணிந்து போடலாம். மைக்ரோ நிக்கார் 55 எஃப் 3.5 போல முன்கண்ணாடி குழிக்குள் ஆழ்ந்திருக்கும் லென்ஸுக்கு இத்தனை பாடும் வேண்டியதில்லை. அதன் உடலே அதற்கு ஹூட். உட்கண்ணாடியில் பூஞ்சையோ மூட்டமோ படிந்திருந்தால் மட்டும் ஹூட்டிடம் எதிர்பார்க்காதீர்கள். அது மெக்கானிக்கின் வேலை.

மாட்டியபின், ஃபோகஸை முடிவிலியில் வைத்து, வெறும் வானத்தை நோக்கி நான்கு படங்கள் எடுங்கள்: அபெர்ச்சரை முழுக்கத் திறந்து ஒன்று, முழுக்கச் சுருக்கி ஒன்று, பிறகு ஹூட்டைக் கழற்றி அதேபோல் இரண்டு. சுருக்கியபோது மூலையில் கூர்மையான விளிம்போடு இருள் தெரிந்தால் ஹூட் நீளம். திறந்தபோது மட்டும் மூலைகள் சற்றே கூடுதலாக மங்கினால் பெரும்பாலான படங்களில் அது கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். ரப்பர் ஹூட்டாக இருந்தால் ஒரு மடிப்பு மடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.