நள்ளிரவு உரையும் நம் கடமையும்

1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவை ஒட்டி, பிரதமராகப் பொறுப்பேற்கவிருந்த நேரு அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையைப் பலரும் சொல்லழகுக்காகவே போற்றுவர். வறுமையும் அறியாமையும் பிணியும் வாய்ப்பில் ஏற்றத்தாழ்வும் ஒழிய வேண்டும் என்றதே அதன் உயிர் என்போம். அச்சபை இயற்றிய அரசியல் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கிராமங்களில் குடிசைத் தொழிலைத் தனி முறையிலோ கூட்டுறவு முறையிலோ வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஆயினும் அதனை நீதிமன்றத்தின் வழியே வலியுறுத்த இயலாது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பதோ, 2011ஆம் ஆண்டின் 97ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமையாயிற்று.

உரிமை மட்டும் இருந்து என்ன பயன்? பேரவைக்கு வராமலே கையெழுத்திடும் உறுப்பினரைக் கணக்குப் பார்க்கச் செல்லுமிடங்களில் காண்கிறோம். நெசவாளரும் உழவரும் நேரில் வந்து, வரவு செலவைக் கேட்டு, தமக்குரிய ஒரு வாக்கை அளிக்கும் நாளன்றோ அவ்வுரை காளவாசலை எட்டும் நாள்!