செப்டம்பர் 22: நாள் மேல் பழி வேண்டாம்!

"அவன் பெரிய எம்டன்யா!"

அயோத்தியாப்பட்டணம் டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். யாரிடமும் சிக்காத கில்லாடிக்கு நம்ம ஜனங்கள் கொடுத்த பட்டம் அது.

எம்டன் என்பது ஜெர்மனியின் போர்க்கப்பல். முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ம் ஆண்டு, செப்டம்பர் 22-ந்தேதி இரவு அது சென்னையை நெருங்கியது. கடலை வெள்ளைக்காரன் ஆண்ட காலம். "எவன் வரப்போறான்?" என்ற மெத்தனம். கரையில் விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை.

கேப்டன் வான் முல்லர் உத்தரவிட்டார். அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள்! பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் பற்றி எரிந்தன. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ஐகோர்ட்டு மதில் சுவரிலும் குண்டு பட்டது. அந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. "தப்பிச்சாப் போதும்" என்று ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் நகரைக் காலி செய்தார்கள்.

அன்று காலையிலேயே ஐரோப்பாவில், வடகடலில் இன்னொரு கோரம் நடந்து முடிந்திருந்தது. யு-9 என்ற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக்கப்பல், 3 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. மாண்டவர்கள் 1,400 பேருக்கு மேல்!

அதே தேதி!

1980 செப்டம்பர் 22. ஈராக் விமானங்கள் ஈரானின் விமான தளங்கள் மீது குண்டு வீசின. தரைப்படை எல்லை தாண்டியது. 8 ஆண்டு யுத்தம். கடைசியில் எல்லைக்கோடு பழைய இடத்திலேயே நின்றது. செத்தவர்கள் லட்சக்கணக்கில்!

1995 செப்டம்பர் 22. இது நம் நெஞ்சைச் சுடும் சேதி. இலங்கையில் யாழ்ப்பாணம் வடமராட்சி கிழக்கிலும் நாகர்கோவில் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பள்ளிக்கூடப் பகுதியில் இலங்கை விமானப்படை குண்டு வீசியது. புத்தகப் பையுடன் போன பிள்ளைகள் பலர் பிணமானார்கள். பெற்றவர்கள் ஆண்டுதோறும் அந்த நாளில் விளக்கேற்றி அழுகிறார்கள்.

அப்படியானால் செப்டம்பர் 22 கெட்ட நாளா?

"நாள் செய்வது நல்லார் செய்யார்" என்பது பழமொழி. ராகுகாலம், எமகண்டம் பார்க்காமல் நம்ம ஊரில் ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டார்கள். ஆனால் அதே தேதிதான் 1965-ல் வேறு சேதி தந்தது. இந்தியாவுடன் போர் புரிந்த பாகிஸ்தான், ஐ.நா. பாதுகாப்பு சபையில் போர் நிறுத்தத்தை ஏற்றது அன்றுதான். மறுநாள் அதிகாலை 3.30 மணிக்கு பீரங்கிகள் ஓய்ந்தன. எல்லையில் நின்ற ஜவான்களின் வீடுகள் மூச்சு விட்டன.

ஆக, நாள் குற்றம் செய்யவில்லை. சுடு என்று சொன்னவனும் மனிதன். நிறுத்து என்று சொன்னவனும் மனிதன்.

அயோத்தியாப்பட்டணத்துக்கு இது புதுப்பாடம் அல்ல. இலங்கைப் போர் முடிந்து திரும்பிய ராமர் இங்கே தங்கிப் பட்டாபிஷேகக் கோலம் காட்டினார் என்பது கோதண்டராமர் கோவில் தலபுராணம். ஊர் பேர் வாங்கியது போரால் அல்ல, போர் முடிந்ததால்!

குண்டு போட்ட கப்பலின் பெயர் நூறு ஆண்டு கடந்தும் நம் வாயில் இருக்கிறது. குண்டுபட்டுச் செத்தவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா? இது நியாயமா?

செப்டம்பர் 22 அன்று காலை இறைவணக்கத்தின்போது இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் இந்தச் சேதிகளைச் சொல்லட்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்காக நம்ம பிள்ளைகள் ஒரு நிமிடம் மவுனமாக நிற்கட்டும். காசு செலவில்லை. அரசு உத்தரவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். தலைமை ஆசிரியர்கள் மனது வைத்தால் போதும்.

செய்வார்களா?