ஊஞ்சல் போகட்டும், சோபா இருக்கட்டும்



வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் விசா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை பற்றிய கேள்விகள்தான் இருக்கும். இந்த மாதம் வந்த ஒரு கடிதத்தில் இவை எதுவுமே இல்லை. சென்னை வாசகி ஒருவர். கணவருக்கு மெல்போர்னில் மூன்றாண்டு வேலை. 'தேக்குக் கட்டில், மாமியார் கொடுத்த இரும்பு பீரோ, மூன்று பேர் சோபா, டைனிங் டேபிள், என் அப்பா வீட்டிலிருந்து வந்த ஊஞ்சல். இவற்றில் எதைக் கப்பலில் ஏற்றுவது, எதை விடுவது? கம்பெனி செலவுதானே, எல்லாவற்றையும் ஏற்று என்கிறார் இவர். பீரோவை விட்டுவிட்டுப் போனால் அத்தை மனசு நோகும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே பஞ்சாயத்து' என்று எழுதியிருக்கிறார்.

பஞ்சாயத்தில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊஞ்சலை எடுத்துப் போங்கள். மற்றவை இங்கேயே இருக்கட்டும்.

கடல் வழியே வீட்டுச் சாமான் அனுப்பும்போது நாம் கூலி கொடுப்பது இடத்துக்கு. எடை அநேகமாகக் கணக்கில் வராது. தேக்கா பிளைவுட்டா, தாத்தா காலத்ததா போன வருஷத்ததா என்பதும் வராது. பேக்கர்ஸ் ஆட்கள் 'சிபிஎம்' என்பார்கள். ஒரு கன மீட்டர், அதாவது 35 கன அடிக்குச் சற்று மேல். ஏழடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் உள்ள சோபாவைப் பெருக்கிப் பாருங்கள். 63 கன அடி, ஏறக்குறைய 1.8 சிபிஎம். அதில் பாதி, நாம் உட்காரும் இடத்துக்கு மேலும் கீழும் இருக்கிற வெறுங்காற்று. காற்றுக்குக் கப்பல் கூலி கொடுத்து மெல்போர்ன் வரை அழைத்துப் போகிறோம். ஆறரை அடி பீரோ 29 கன அடி. கழற்ற முடியாது, மடக்க முடியாது. போதாததற்கு, அந்த ஊர் வீடுகளில் படுக்கையறைச் சுவரிலேயே துணி அலமாரி கட்டியிருப்பது வழக்கம். அத்தையின் பீரோ அங்கே போய் ஹாலில்தான் நிற்கும்.

இப்போது ஊஞ்சலுக்கு வருவோம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குல கனம் உள்ள பலகை இரண்டே இரண்டு கன அடி. கம்பளி சுற்றி மரப்பெட்டி அடித்தாலும் சோபா பிடிக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். பித்தளைச் சங்கிலி கனமாகத்தான் இருக்கும். கடலில் அது பொருட்டில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. வாடகை வீட்டு ஜிப்சம் கூரையில் கொக்கி அடிக்க விடமாட்டார்கள், அடித்தாலும் தாங்காது. கூடவே இரும்பு ஸ்டாண்டுக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நம் சாமான் ஏறும் கன்டெய்னர் கப்பலுக்கு ஒரு பிறந்தநாள் உண்டு என்பார்கள். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கன்டெய்னர்களுடன் ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. லாரித் தொழிலில் இருந்த மால்கம் மெக்லீனின் யோசனை அது. இன்று உலகம் முழுக்க ஓடும் கன்டெய்னர் கப்பல்களின் கதை பெரும்பாலும் அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. அதே 1956-இல்தான் ஸ்வீடனில் ஐக்கியா கம்பெனி, கால்களைக் கழற்றித் தட்டைப் பெட்டியில் வைத்து மேஜை விற்க ஆரம்பித்தது. வண்டியில் மேஜை நுழையவில்லை, காலைக் கழற்று என்று தோன்றியதாம். கடல் கூலி இறங்க ஆரம்பித்ததும், மேஜைக்குள்ளிருந்த காற்று வெளியேறியதும் ஒரே வருஷத்தில். நம் ஊர் சோபாவுக்கு இந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

'கட்டில் கழற்றக்கூடியதுதானே?' என்று கேட்பீர்கள். உண்மைதான். தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, இரண்டு பக்கச் சட்டம், நடுவே பலகைகள் என்று பிரித்தால் சுவரோரம் சாய்த்து வைக்கிற அளவுக்கு ஒடுங்கிவிடும். ஆனால் நம்மூர் கிங் சைஸ் மெத்தை 72-க்கு 78 அங்குலம். நீளம் 198 சென்டிமீட்டர். ஆஸ்திரேலிய கிங் மெத்தையின் நீளம் 203. அகலம் ஒன்றுதான், நீளத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடிக்கும். நம் கட்டிலின் சட்டத்துக்குள் அங்கே வாங்கும் மெத்தை உட்காராது. சரி, மெத்தையையும் அனுப்புவோம் என்றால் மறுபடியும் காற்றுதான்.

மரம் என்று வந்துவிட்டாலே ஆஸ்திரேலியாவில் இன்னொரு வாசலைத் தாண்டியாக வேண்டும். அந்த நாட்டின் உயிரிப் பாதுகாப்புத் துறை உலகத்திலேயே கறாரானவற்றில் ஒன்று. மரம், மூங்கில், பிரம்பு, புல், விதை, மண், தோல் எதுவானாலும் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டில் காலருகே மாவு மாதிரி பொடி உதிர்ந்து, மரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள். புகை மருந்து அடிக்க வேண்டும், திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். மூன்றில் எதுவானாலும் செலவு நம்முடையது. தென்னந்துடைப்பம், முறம், கோரைப்பாய் எல்லாம் சந்தேகக் கேஸ்கள். விதை தங்கிய இலவம்பஞ்சுத் தலையணை நிச்சயமாகச் சந்தேகக் கேஸ். பதப்படுத்தாத தோல் போர்த்திய மிருதங்கத்தை எழுதிக் காட்டாமல் துணிக்குள் சுருட்டி வைத்து அனுப்பாதீர்கள். செருப்படி மண்ணைக்கூடக் கழுவிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும்.

இத்தனை பயத்துக்கும் காரணம் உண்டு. கப்ரா வண்டு என்று ஒன்று இருக்கிறது. தாயகம் இந்தியத் துணைக்கண்டம் என்பார்கள். சேமித்த தானியத்தைத் தின்று தவிடாக்கும். அதன் புழு, தீனியே இல்லாமல் இடுக்கில் ஒளிந்து வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2020-இல் ஆஸ்திரேலியாவில் இறக்குமதியான ஒரு ஃபிரிட்ஜோடு அது வந்து சேர்ந்ததைக் கண்டுபிடித்தார்கள். கோதுமை விளைவித்து விற்கிற நாடு, சும்மா இருக்குமா? அதன் பிறகு வீட்டுச் சாமானோடு கப்பலில் வரக்கூடாத தானியங்கள், விதைகள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அரிசி, துவரை, உளுந்து, கொத்தமல்லி விதை, சீரகம், காய்ந்த மிளகாய் எல்லாம் அதில் உண்டு. சாம்பார்ப் பொடி அரைக்கும் நம் வீட்டு ஏனத்தையே பார்த்து எழுதியது மாதிரி இருக்கிறது! ஆகவே சமையலறை அலமாரியை அனுப்புவதாக இருந்தால் பருப்பு டப்பாவை எடுத்தால் மட்டும் போதாது. தட்டின் மூலையில் சிக்கிய நாலு உளுந்தையும் பிரஷ் போட்டு எடுத்துவிட வேண்டும்.

பெட்டி அடிக்கிற மரத்துக்கும் விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றி, அல்லது அனுமதித்த வேறு முறையில் பதப்படுத்தி, கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை குத்தியிருக்க வேண்டும். தெருமுனை மரக்கடைச் சட்டத்தை வாங்கி நாமே பெட்டி செய்தால், ஊஞ்சல் தேறினாலும் பெட்டி தேறாது.

வரி விஷயம் சுருக்கமாக. ஆஸ்திரேலியாவில், சொந்தமாக வைத்துப் பன்னிரண்டு மாதமாவது புழங்கிய சாமானுக்கு வரி கிடையாது. பிரிட்டனில் ஆறு மாதம், அமெரிக்காவில் ஓராண்டு என்று ஊருக்கு ஒரு கணக்கு. 'இங்கே தேக்கு மலிவு, புதுசாக ஒரு செட் வாங்கிப் போட்டு அனுப்பிவிடலாம்' என்று கிளம்புகிறவர்களின் லாபம் இங்கேதான் கரைகிறது. பில் தேதி நேற்றையதாக இருந்தால் அது வீட்டுச் சாமான் ஆகாது, இறக்குமதி. ஈட்டி மரத்துக்கு வேறு சிக்கல்: அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் அது இருக்கிறது. பாட்டி வீட்டு ஈட்டி மேஜையை அனுமதிப் பத்திரம் இல்லாமல் கப்பலேற்றினால் துறைமுகத்தில் நிற்கும்.

அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. மெல்போர்னிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மாற்றினால் கிரைண்டர் ஓடிவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இங்கே புழங்கிய கிரைண்டரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, அந்த நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்ததை வாங்கிப் போங்கள்.

'கம்பெனி செலவுதானே' என்ற வாதத்தில்தான் பல வீடுகள் விழுகின்றன. கம்பெனி சொல்கிற தொகை எதுவரை என்று பாருங்கள். இங்கே ஏற்றுவதற்கும் கப்பலுக்கும் சேர்த்துக் கொடுத்த விலையைக் கண்டு மயங்கிவிடுவோம். அங்கே துறைமுகக் கட்டணம், கன்டெய்னரைப் பிரிக்கும் கூலி, தனிமைப் பரிசோதனைக் கட்டணம், மாடிப்படி ஏற்றும் ஆள்கூலி என்று இரண்டாவது பில் ஒன்று வரும். டோர் டு டோர் என்று வாயால் சொன்னால் போதாது. எது சேர்ந்தது, எது சேராதது என்று எழுத்தில் வாங்குங்கள். காகிதம் ஒன்று குறைந்து சாமான் துறைமுகத்தில் தங்கினால் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும். முடிந்தால் அந்தத் தொகையைப் பணமாகவே தர முடியுமா என்று எச்ஆரிடம் கேட்டுப்பாருங்கள். மெல்போர்னில் கைமாறும் நல்ல சாமான்கள் ஏராளம். வேண்டாத சோபாவை வீட்டு வாசலில் வைத்தால் நகராட்சி வந்து எடுத்துப் போகும் நாட்கள் அங்கே உண்டு. அதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் எடுத்துவிடுவார்கள். தரும ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைகளும் உண்டு.

கொஞ்சமாக அனுப்பினாலும் இன்ஷூரன்ஸ் போடாமல் அனுப்பாதீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது அதில் 600-க்கு மேற்பட்ட கன்டெய்னர்கள் இருந்தன. மூழ்கினால்தான் நஷ்டம் என்றும் இல்லை. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். அதை மீட்ட பிறகு உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவை அதில் சரக்கு வைத்திருந்த எல்லாரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும் என்கிற, ரோமானியர் காலத்துக்கும் முந்தைய கடல் சட்டம் அது. நம் சாமானுக்குக் கீறல்கூட விழாமல் இருக்கலாம். பங்குக்கு ஈடு காட்டாமல் பெட்டி கைக்கு வராது. இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்த ஈட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, நாமே கட்டிய பெட்டிக்குள் கண்ணாடி உடைந்தால் பல பாலிசிகள் பணம் தராது. உடையக்கூடியதை அவர்கள் கையாலேயே கட்டவிடுங்கள்.

இனி, விட்டுப்போகிற சாமான்கள். கணக்கைவிட இதுதான் கஷ்டம். 'வந்து எடுத்துக்கிறேன்மா' என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் இறக்கிப் போன இரண்டாவது ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சோபாவும் எத்தனை பெற்றோர் வீட்டு முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன! மேலே பழைய பெட்ஷீட். அந்த வீட்டுப் பெரியவர் அதைச் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்குப் போக வேண்டும். யாரும் உட்காரக்கூடாது, எலி மட்டும் உட்காரலாம். மூன்று வருஷம் கழித்து வருகிறவர்கள் அதைத் திரும்ப எடுத்ததாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. கொடுப்பதென்றால் முழுசாகக் கொடுங்கள். டைனிங் டேபிள் சமையல் செய்கிற அக்கா வீட்டுக்குப் போகட்டும், அவர் பிள்ளை அதில் படிப்பான். தேக்குக் கட்டிலில் தம்பி படுக்கட்டும்.

அத்தை பீரோவுக்கு என் யோசனை: நீங்களே முடிவு செய்யாமல், யாருக்குக் கொடுக்கலாம் என்று அத்தையிடமே கேளுங்கள். 'நம்ம கோமதி பொண்ணுக்குக் கொடுடி, அவளுக்குத்தான் தையில கல்யாணம்' என்று அவரே வழி சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் அவர் அறையிலேயே இருக்கட்டும்.

கப்பலில் போகிறதைக் கட்டும் நாளில் ஆணி, போல்ட், சாவி எல்லாவற்றையும் சிறு பைகளில் போட்டு, அந்தந்தச் சாமான் பெயரை எழுதிக் கையில் எடுத்துப் போங்கள். போல்ட் பைகளைக் கடலில் அனுப்ப வேண்டாம். சாமான் போய்ச் சேர ஒன்றரை மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். பிள்ளைகளின் குளிர் உடுப்பும், பாடப்புத்தகமும், மருந்தும் விமானத்தில் உங்களோடு வரட்டும்.

ஏற்கெனவே போய் வந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பலேற்றிப் போய்க் கடைசிவரை பிரிக்காமலே வைத்திருந்த பெட்டி எது, விட்டுப்போய் அங்கே தேடித் தவித்த சாமான் எது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரையும் எந்த வருஷம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அது முக்கியம். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். வருகிற கடிதங்களை அடுத்த இதழில் சேர்த்து வெளியிடுகிறோம். அந்தச் சென்னை வாசகிக்குக் கன்டெய்னர் வர இன்னும் சில வாரம் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்