உச்சிக்குப் போகணும்னு பாப்பாவா கேட்டுச்சு?

கைக்குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு மலையேறலாமான்னு பேச்சு வந்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒண்ணு, "பச்சமண்ணை இப்படியா? பெத்தவங்களா நீங்க?"ன்னு பாயற கோஷ்டி. இன்னொண்ணு, "எட்டு மாசத்துலயே எங்க சிங்கம் சிகரம் தொட்டாச்சு"ன்னு போட்டோ காட்டுற கோஷ்டி. ரெண்டு மேலயும் எனக்குக் கடுப்புதான். ரெண்டாவதுல நானே இருந்தவன்ங்கறதால அது மேல கொஞ்சம் கூடுதல் கடுப்பு.

முதல்ல திட்டுறவங்களுக்கு. இலங்கையில சிவனொளிபாதமலை இருக்கு. உயரம் 2243 மீட்டர், ஐயாயிரத்துக்கும் மேல படி. டிசம்பர் பௌர்ணமியில இருந்து மே மாச வெசாக் வரைக்கும் சீசன். பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்னு ராத்திரி முழுக்க சனம் ஏறும். கைக்குழந்தையைத் துண்டுல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு ஏறுற குடும்பங்களும் அதுல உண்டு. "உசரத்துல மூச்சு முட்டும்"னு பயமுறுத்துறீங்களே, உயரத்தால வர்ற நோய் பொதுவா 2500 மீட்டருக்கு மேலதான் தலைகாட்டும். ஊட்டியும் கிட்டத்தட்ட இதே உயரம்தான். அங்க குழந்தையோட டூர் போறவங்களை யாராவது திட்டுறோமா?

இப்ப சிங்கத்தோட அப்பாக்களுக்கு. தங்கமணிக்கு ஹட்டன் பக்கம் சொந்த ஊர். பொண்ணுக்கு எட்டு மாசம் இருக்கும்போது, சூரிய உதயம் பார்த்தே தீரணும்னு ராத்திரி ரெண்டு மணிக்கு நல்லதண்ணியில இருந்து கிளம்பினோம். பாப்பா என் முதுகுல, ஃப்ரேம் வெச்ச கேரியர்ல. எனக்கு சட்டை நனைஞ்சு ஒட்டுது. அவளுக்கும் புழுங்கும்னு நினைச்சு ஒரு போர்வையை உருவிட்டேன். நடக்கறவனுக்குத்தான் வேர்க்கும், அசையாம உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் குளிரும்ங்கற சின்ன விஷயம் மண்டையில ஏறல.

உச்சியில காத்து பிச்சு உதறுது. பாப்பா அழவே இல்ல. தூங்குறான்னு நினைச்சோம். பக்கத்துல இருந்த பாட்டி ஒருத்தர் அவ பாதத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம ரெண்டு காலையும் தன் சேலைக்குள்ள வெச்சு அழுத்திக்கிட்டாங்க. ஐஸ்கட்டியா இருந்திருக்கு. அப்புறம், "சூரியனைப் பாத்தாச்சா தம்பி? இனி புள்ளையப் பாரு"ன்னாங்க. செருப்பால அடிச்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

அதனால சொல்றேன். தலை நின்னு, தானா உட்கார்ற வயசு வரட்டும், சுமாரா ஆறு மாசம். கால் தொங்காம, முட்டி பிட்டத்தோட மட்டத்துக்காவது இருக்கணும். முதுகுல இருக்கிற முகம் உங்களுக்குத் தெரியாது, அதைப் பார்த்துக்கிட்டே பின்னாடி ஒருத்தர் வரணும். அடிக்கடி நிறுத்தி நெஞ்சுலயும் பாதத்துலயும் கை வெச்சுப் பாருங்க. ஈரப்படியில இறங்கும்போது வழுக்கினா விழறது ரெண்டு உசுரு. விடிஞ்சப்புறம் கிளம்பி, கீழ்ப்பகுதியிலேயே வர்ற ஜப்பான்காரங்க கட்டின சமாதான தூபி வரைக்கும் போய்ட்டுத் திரும்பினா என்ன குறைஞ்சுடும்? பாப்பாவுக்கு ஓடைச் சத்தமும் டீக்கடை நாய்க்குட்டியுமே போதும்.

உதயம் வேணும்னா ஒருத்தர் ஏறுங்க, இன்னொருத்தர் ரூம்ல புள்ளையோட தூங்குங்க. அடுத்த வருஷம் மாத்திக்கலாம். ரூம்ல தங்குறது எப்பவும் அம்மாதான்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க சாமிகளா.

டிஸ்கி: அந்த போட்டோவைப் பொண்ணுகிட்ட காட்டினா, "இது யாரு பாப்பா?"ங்கறா.