டிரைவர் கிடைக்கவில்லையாம்!

எங்கள் ஊர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இந்த வசனம் காதில் விழும். "நல்ல டிரைவரே கிடைக்கறதில்லைங்க. பத்து வண்டி இருந்தா மூணு செட்லயே நிக்குது." சொல்பவர் லாரி ஓனராக இருப்பார், இல்லையென்றால் ஓனரின் மச்சினனாக இருப்பார். கேட்பவர்களும் "ஆமாமா, இந்தக் காலத்துப் பசங்க எங்க கஷ்டப்படறானுங்க" என்று தலையாட்டுவார்கள். வடநாட்டுப் பையன்களைக் கூட்டி வந்து ஸ்டீயரிங்கில் உட்கார வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது நிலைமை. அதுவும் நாமக்கல்லில்! பாடி கட்டும் பட்டறையும் கேஸ் டேங்கரும் டிரெய்லரும்தான் எங்கள் அடையாளம் என்று (முட்டைக்கு அடுத்தபடியாக) மார்தட்டிக்கொள்கிற ஊரில்!

பி.காம். படிக்கிற உனக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் தாய்மாமா இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். இப்போது இடுப்பு போய் வீட்டில் இருக்கிறார். அவர் பையன், என் மச்சான், ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு எந்த ஓனரிடம் சேருவது என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு வந்த எரிச்சல்தான் இது.

அவன் முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஏழு டிரெய்லர் வைத்திருக்கும் ஓனர் ஒருவர் அறுபதாயிரம் அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். ஒரு பார்சல் கம்பெனியில் மாதச் சம்பளம், யூனிபார்ம், இரவு லைன் ஓட்டம். மூன்றாவது, மாமாவோடு கிளீனராக இருந்து முன்னுக்கு வந்த ஒருவர். இரண்டு டாரஸ் வைத்திருக்கிறார், அட்வான்ஸ் எல்லாம் கிடையாது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வது: "யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? அட்வான்ஸ் குடுக்கறவங்கிட்டப் போ."

அட்வான்ஸ் என்பது சம்பளம் இல்லை ஐயா, கடன்! பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கோ பிரசவத்துக்கோ முன்பணம் வாங்கியவர், கூலி பிடிக்காவிட்டாலும் பட்டறையை விட்டு நகர முடியாது. நகர வேண்டுமானால் அடுத்த பட்டறைக்காரர் அந்தக் கடனை அடைக்க வேண்டும். அப்போதும் கடன் தீராது, கடன்காரர்தான் மாறுவார். லாரியிலும் இதே கதைதான். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவதைத் தடை செய்து 1976-லேயே சட்டம் போட்டாயிற்று. ஆனால் செங்கல் சூளையில் நடந்தால் கொத்தடிமை என்கிறோம், டிரெய்லரில் நடந்தால் "ஓனர் தங்கமான மனுஷன், கேட்டதும் குடுத்தார்" என்கிறோம். என் மாமாவும் தங்கமான மனுஷன் ஒருவரிடம் வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டவர்தான். எட்டு வருடம் ஓட்டியும் அது திரும்பி வரவில்லை.

அட்வான்ஸ் வாங்கினவனால் ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியாது. "முடியாது" என்பதுதான் அந்த வார்த்தை. லாரி ஓட்டுகிறவனுக்கு உயிரைக் காப்பாற்றுகிற வார்த்தையே அதுதான் என்பது என் கட்சி.

மாமாவின் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு தடவை பிவண்டிக்கு லோடு. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், குடோனில் இறக்க ஆள் இல்லை என்று இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு நாளுக்குப் பேட்டா கிடையாது, ஏனென்றால் வண்டி ஓடவில்லையாம்! சரக்குக்காரன் கொடுத்த ஹால்டிங் காசு ஓனர் கணக்குக்குப் போனது. மூன்றாம் நாள் இறக்கியதும் போன்: "ரிட்டன் லோடு ரெடியா இருக்கு. போன நாளைப் புடிச்சுட்டு வந்துரு." போன நாளை எங்கே போய்ப் பிடிப்பது? தூக்கத்தில்தான். சாத்தாரா தாண்டி விடியற்காலையில் கண் அசந்து வண்டி நடுத்தடுப்பில் ஏறிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மாமாவின் இடுப்பைத் தவிர. தடுப்புக்குக் கட்டிய பணத்தை ஓனர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள், அந்த விபத்துக்கு யார் காரணம்? தூங்கியவரா, தூங்க விடாதவரா?

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், கூடுதல் வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்றெல்லாம் அழகாக எழுதி வைத்திருந்தார்கள். ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாமல் இருக்கும் இடத்துக்குத்தான் அது பொருந்தும். உடனே என்ன செய்வோம்? மனைவி பேரில் இரண்டு வண்டி, மச்சினன் பேரில் இரண்டு வண்டி. சட்டம் வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது இந்தச் சட்டமும் அதற்குள் கரைந்தது. அங்கே அந்த ஐந்து பேர், பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று அதே தொகுப்பில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. ஆனால் இரண்டு வண்டி, மூன்று வண்டி ஓனர்களிடம் ஓட்டுகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு அது எட்டும்?

கடிதம் என்றதும் சிரிக்காதீர்கள். வண்டியோடு டிரைவர் செத்துப்போனால், அவர் குடும்பம் இழப்பீடு கேட்டுப் போகும்போது முதல் கேள்வி, "இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா?" என்பதுதான். கையில் சம்பளச் சீட்டு இல்லை, கடிதம் இல்லை, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு இல்லை. இருபது வருடம் ஓட்டிய வேலையை டீக்கடைக்காரரைச் சாட்சி வைத்தா நிரூபிப்பது?

இன்னொன்று, விபத்தில் ஆள் இறந்தால் என்ன என்பது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2) என்று ஒரு உட்பிரிவு. அலட்சியமாக ஓட்டி ஒருவர் சாவுக்குக் காரணமாகி, போலீசுக்குச் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து வருடம் வரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் வடமாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும். 2024 ஜூலை 1-இல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். நிற்காமல் ஓடுவது தப்புதான், அடிபட்டவரை விட்டுவிட்டுப் போவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மொழி தெரியாத ஊரில் கூட்டம் கூடி அடிக்க வரும்போது அந்த டிரைவருக்கு ஜாமீன் எடுக்க ஓனர் வருவாரா, போனை அணைத்துவிடுவாரா? வேலைக்குச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வண்டி புதுசா, 2025-இல் கட்டாயமாக்கிய ஏசி கேபின் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்.

அப்படியானால் பெரிய கம்பெனிக்கே போகலாமே என்பார்கள். பி.எஃப். இருக்கும், சீட்டு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். மச்சானுக்கு நான் முதலில் சொன்னதும் அதைத்தான். ஆனால் அங்கேயும் ஒன்று கேட்க வேண்டும்: ஜிபிஎஸ் பார்த்து "ஏன் நிக்கற?" என்று கேட்கிறவர், "ஏன் இன்னும் நிக்காம ஓட்டற?" என்று என்றைக்காவது கேட்டிருக்கிறாரா? டீசல் குறைந்தால் யார் தலையில்? சரக்கு தாமதமானால் யார் தலையில்? ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்தின்படி இருபதாயிரமும், கூடுதல் டன்னுக்கு இரண்டாயிரமும் அபராதம். ஏற்றச் சொன்னவர் ஆபீசில் இருப்பார், மாட்டுவது ஓட்டினவர்தான்.

ஓனர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் கிடையாது. டீசல், டோல், டயர், மாதத் தவணை, புரோக்கர் கமிஷன் எல்லாம் போக அவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பது எங்கள் தெருவிலேயே தெரிகிறது. இரண்டு வண்டியை விற்றுவிட்டு மறுபடி டிரைவராகப் போனவரும் இருக்கிறார். ஆனால் வாடகை கட்டுப்படவில்லை என்றால் சரக்குக்காரனிடம் சண்டை போட வேண்டும். அதை விட்டுவிட்டு டிரைவரின் தூக்கத்தில் லாபம் எடுத்தால், பிறகு டிரைவர் கிடைக்கவில்லை என்று டீக்கடையில் அழுவதில் என்ன நியாயம்? பையன்கள் சோம்பேறிகள் இல்லை. அப்பாவின் இடுப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் அந்த இரண்டு டாரஸ்காரர் வீட்டுக்குப் போனோம். நான் எழுதிக் கொடுத்த மூன்று விஷயங்களை அவன் திக்கித் திணறிக் கேட்டான்: வண்டி நிற்கிற நாளுக்குப் பேட்டா, சம்பளம் வங்கியில், வேலை பார்க்கிறான் என்று ஒரு கடிதம். முதல் இரண்டுக்கும் சரி என்றவர் மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, உங்கப்பனும் நானும் ஒரே வண்டியில கிளீனரா கெடந்தவங்க. எங்கிட்டயே லெட்டர் கேக்கறியா?"

"உங்ககிட்டயாச்சும் கேக்க முடியுதுங்களே மாமா" என்றான் மச்சான். அவன் இவ்வளவு பேசுவான் என்று எனக்கே தெரியாது.

அவர் சிரித்துவிட்டு, ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. டிரெய்லர் ஓனர் நேற்றும் வீட்டுக்கு வந்து அத்தையிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை, மழைக்கு முன் கூரை மாற்ற ஷீட் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.